கப்பல் காத்திராது: விமானத்தில் போய்க் கப்பலேறுபவர்கள் பொதியைத் தொலைக்காமல் இருக்க

பார்சிலோனா விமான நிலையத்தில் பொதிகள் சுற்றிவரும் பட்டி நின்றபோது நேரம் பிற்பகல் 2.20. எங்கள் கப்பல் மாலை 6 மணிக்குப் புறப்பட இருந்தது. 4.30க்குப் பின்னர் வருபவர்களை ஏற்றமாட்டோம் என்று கப்பல் சீட்டில் எழுதியிருந்தார்கள். நாங்கள் கொடுத்துவிட்ட மூன்று பொதிகளில் இரண்டு வந்திருந்தன. மூன்றாவது வரவில்லை.

அம்மா சக்கர நாற்காலியில் இருந்தபடி கேட்டா: "என்ரை பை எங்கை பிள்ளை?"

அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவவின் பையை அந்த மூன்றாவது பொதிக்குள் வைத்ததே நான்தான்.

அந்தப் பையைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட இரவில் அம்மா கையில் எடுத்தது அதைத்தான். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், அண்ணாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், அப்பாவின் படம் ஒன்று. பிறகு வன்னி. 2009 மே மாதம் முகாமுக்குள் போகும்போதும் அது அவவின் கையில் இருந்தது. அப்பா இருக்கவில்லை. பை பழுதாகிப் பழுதாகி மூன்று தரம் மாற்றப்பட்டது. உள்ளே இருந்தவை மாறவில்லை. இப்போது அவற்றோடு கிளினிக் கொப்பியும் குளிசைகளும் சேர்ந்திருந்தன.

இப்படி ஒரு பை உங்கள் வீட்டிலும் இருக்கும். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கப்பல் சுற்றுலா வசதி உள்ளவர்களின் விளையாட்டு என்று நான் நினைத்திருந்த காலம் உண்டு. ஆனால் ரொறன்ரோவில் ஒருவர், பாரிஸில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர் என்று சிதறிய குடும்பங்கள் ஒன்றுகூட இப்போது கப்பலைத் தேடுகின்றன. ஊருக்கு வர முடியாத, வர விரும்பாத பிள்ளைகள் இருக்கிறார்கள். நடக்க முடியாத தாய்மார் இருக்கிறார்கள். கப்பலில் அறை ஒன்று, சாப்பாடு அங்கேயே. யாரும் யாருடைய வீட்டிலும் சமைத்துக் களைக்கத் தேவையில்லை. 2024இல் அண்ணா காசு சேர்த்து எங்களை அழைத்தது அதற்காகத்தான். இருபது வருடத்துக்கு மேலாக அம்மாவும் நாங்கள் மூவரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டதில்லை.

எங்கே பிழைத்தது, எதைச் செய்திருந்தால் பிழைத்திராது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பொதி எப்படித் தவறுகிறது

விமானத்தில் கொடுக்கும் பொதிகளில் பெரும்பாலானவை தொலைவதில்லை, பிந்துகின்றன. விமான நிலையங்களுக்கான தொழில்நுட்பத்தை வழங்கும் சீற்றா நிறுவனத்தின் அறிக்கைப்படி 2023இல் ஆயிரம் பயணிகளுக்கு 6.9 பொதிகள் பிந்தியோ, சேதமடைந்தோ, தொலைந்தோ போயின. இந்தத் தவறுகளில் 46 வீதம் ஒரு விமானத்திலிருந்து இன்னொரு விமானத்துக்குப் பொதியை மாற்றும்போது நடந்தவை.

இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் எங்களில் பலர் இடையில் ஒரு வளைகுடா நகரத்தில் இறங்கித்தான் மாறுகிறோம். முதல் விமானம் ஒரு மணித்தியாலம் பிந்தினால் நாங்கள் ஓடிப்போய் அடுத்ததைப் பிடிக்கலாம். பொதி ஓடாது. அதை இறக்கி, பிரித்து, பரிசோதித்து, வண்டியில் ஏற்றி, மற்ற விமானத்தின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் விடயத்தில் இடைவெளி சீட்டின்படி ஒன்றே முக்கால் மணித்தியாலம். கட்டுநாயக்கவில் விமானம் பிந்தியதில் அது ஐம்பது நிமிடமாகிவிட்டது. நாங்கள் ஏறிவிட்டோம், இரண்டு பொதிகளும் ஏறிவிட்டன, ஒன்று நின்றுவிட்டது.

சாதாரணப் பயணத்தில் இது பெரிய விடயமல்ல. அடுத்த நாள் விமானத்தில் பொதி வரும், விமானக் கம்பனி அதை வீட்டு வாசலுக்கு அனுப்பும். கப்பல் பயணத்தில்தான் சிக்கல். அடுத்த நாள் பொதி பார்சிலோனாவுக்கு வரும்போது கப்பல் மார்செய்யில் நிற்கும். மார்செய்க்கு அனுப்பினால் கப்பல் ஜெனோவாவில் நிற்கும். உங்களுக்கு முகவரியே இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு துறைமுகம், அதுவும் எட்டு அல்லது பத்து மணித்தியாலம்தான்.

முதல் நாளே போய்ச் சேருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கப்பல் புறப்படும் நாளில் போய் இறங்காதீர்கள். குறைந்தது முதல் நாள் போய்ச் சேருங்கள். இரண்டு நாள் முந்தினால் இன்னும் நல்லது.

அண்ணா இதைச் சொன்னார். ஓரிரவு ஹோட்டல் காசு வீண் என்று நான்தான் மறுத்தேன். அந்தக் காசைவிடக் கூடுதலாகக் கப்பலில் மருத்துவருக்கும் உடுப்புக்கும் பிறகு செலவழித்தோம். முதல் நாள் போய்ச் சேர்ந்திருந்தால், பிந்திய பொதி அடுத்த நாள் காலை விமானத்தில் வந்திருக்கும். கப்பலேறும் முன் கைக்குக் கிடைத்திருக்கும்.

முழுப் பயணமும் ஒரே ரிக்கெற்றில் இருக்கட்டும். மலிவு என்று பார்த்துக் கொழும்பிலிருந்து ஒரு கம்பனியிலும், இடையிலிருந்து இன்னொரு கம்பனியிலும் தனித்தனி ரிக்கெற் எடுத்தால், முதல் விமானம் பிந்தியதற்கு இரண்டாவது கம்பனி பொறுப்பேற்காது. பல இடங்களில் பொதியை நீங்களே எடுத்து மறுபடி கொடுக்கவும் வேண்டியிருக்கும். இடைவெளி இரண்டரை, மூன்று மணித்தியாலம் இருக்கும்படி தெரிவு செய்யுங்கள். அந்த நேரம் உங்களுக்குச் சலிப்பாக இருக்கலாம், பொதிக்கு அது தேவை.

அமெரிக்காவின் மயாமி போன்ற துறைமுகங்களில் கப்பலேறப் போகும் உறவினர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குள் நுழையும் முதல் விமான நிலையத்தில் பொதியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி ஒப்படைப்பதுதான் பொதுவான நடைமுறை. கடைசி ஊரில் எடுக்கலாம் என்று நினைத்து நேரே அடுத்த விமானத்துக்குப் போய்விடாதீர்கள்.

விமான ரிக்கெற்றையும் கப்பல் கம்பனி ஊடாகவே எடுக்கும் வழி உண்டு. சில வேளை விலை கூட. ஆனால் விமானம் பிந்திக் கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்கள் உதவுவார்கள். தனியாக எடுத்தால் அந்தச் செலவும் அலைச்சலும் உங்களுடையது. ஷெங்கன் விசா ஒரு தரம் மட்டும் நுழைவதற்கானதா, பல தரமா என்பதையும் பாருங்கள். கப்பல் துருக்கி, துனிசியா போன்ற ஷெங்கனுக்கு வெளியேயுள்ள நாடு ஒன்றுக்குப் போய்த் திரும்புமானால் இது முக்கியம்.

கையில் எது, பெட்டியில் எது

கட்டுநாயக்கவில் நடந்ததைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு முழுக்க வானில் வந்து, அரை நித்திரையில் வரிசையில் நின்றோம். கைப்பொதி 7 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்றார் கருமபீடத்தில் இருந்தவர். அம்மாவினது 9 கிலோ இருந்தது. அண்ணாவுக்கென்று பருத்தித்துறை வடையும் பனங்கட்டியும் ஒரு பெரிய பேணியில் கொண்டுவந்திருந்தா. பின்னால் ஆட்கள் முணுமுணுத்தார்கள். நான் அவசரத்தில் அவவின் பையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். வடை கையில் இருந்தது. அப்பாவின் படமும் குளிசைகளும் பெட்டிக்குள் போயின.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. படித்த பிள்ளை செய்வது சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பா.

ஆகவே வீட்டிலேயே தராசில் நிறுத்துப் பாருங்கள். எந்த அவசரத்திலும் கையை விட்டுப் போகக்கூடாதவற்றை ஒரு சின்னப் பையில் தனியாக வையுங்கள். கைப்பொதியே பெரிதென்று பறித்து அடியில் போட்டாலும், அந்தச் சின்னப் பையை மட்டும் இழுத்து எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். விமானம் நிறைந்திருந்தால் ஏறும் வாசலிலும் கைப்பொதிகளை வாங்குவார்கள்.

அந்தப் பையில் இருக்கவேண்டியவை இவை. கடவுச்சீட்டு, விசாக் கடிதங்கள், கப்பல் சீட்டு, காப்புறுதித் தாள். முழுப் பயணத்துக்கும் தேவையான மருந்து, அதற்கு மேல் ஒரு கிழமைக்குரியது. கிளினிக் கொப்பி. மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, செயற்கைப் பல்லுக்குரிய பொருட்கள். நகை, காசு. வீட்டுத் திறப்பு. கைத்தொலைபேசியும் அதை மின்னேற்றும் வயரும். பவர் பேங்க் கட்டாயம் கையில்தான் இருக்கவேண்டும். லித்தியம் மின்கலம் உள்ளதால் அதைப் பெட்டிக்குள் வைக்க அனுமதியில்லை.

இன்சுலின் ஊசி போடுபவர்கள் அதை ஒருபோதும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். விமானத்தின் அடிப்பகுதியில் குளிரில் உறைந்தால் அது பயன்படாது. திரவப் பொருட்களுக்கு 100 மில்லிலீற்றர் என்ற கட்டுப்பாடு இருந்தாலும் பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு விலக்கு உண்டு. வைத்தியரின் கடிதத்தோடு பரிசோதனையில் எடுத்துக் காட்டவேண்டும்.

உறுதி, பழைய படம், சான்றிதழ் போன்றவற்றின் மூலப் பிரதிகளை இப்படியான பயணத்துக்குக் கொண்டுபோக வேண்டிய தேவை இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள். எங்களில் பலருக்கு வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வராது. விட்டுவிட்டு வந்த வீடுகளுக்கு என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரியும். கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால், வெளிக்கிடும் முன் ஒவ்வொன்றையும் தெளிவாகப் படம் பிடித்து வெளிநாட்டிலுள்ள ஒரு பிள்ளைக்கும் ஊரிலுள்ள ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். அப்பாவின் படத்துக்கு எங்களிடம் பிரதி இருக்கவில்லை. அண்ணா அதைப் பெரிதாக்கித் தரலாம் என்றுதான் அம்மா கொண்டுவந்தா.

கைப்பொதியில் ஒரு நாளுக்குரிய மாற்று உடுப்பும் வையுங்கள். பெட்டிகளில் உடுப்பைக் கலந்து அடுக்குங்கள். அம்மாவின் சேலைகள் எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டிதான் வரவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் எல்லோருடையதும் கொஞ்சம் இருந்தால் ஒன்று தவறினாலும் ஒருவர் முழுக்க வெறுங்கையோடு நிற்க வேண்டி வராது.

பெட்டியிலும் கருமபீடத்திலும் கவனிக்க

பெட்டியில் பழைய பயணங்களின் சீட்டுகளும் சின்ன ஒட்டுகளும் இருந்தால் எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். வெளிநாட்டு உறவினர் தந்த பெட்டிகளில் இவை நிறைய இருக்கும். பொதிகளைப் பிரிக்கும் இயந்திரம் கோடுகளைத்தான் வாசிக்கிறது, பழைய கோட்டை வாசித்தால் பழைய ஊருக்குத்தான் அனுப்பப் பார்க்கும். கயிறு தொங்கும்படி கட்டாதீர்கள், பட்டிகளில் சிக்கும். அடையாளத்துக்குக் கைபிடியில் நிறத் துணி ஒன்றை இறுக்கித் தைத்துவிடுங்கள். கறுப்புப் பெட்டிகள் நூறு வரும். அது பார்வைக்கு உதவும்.

பெயரும் கைத்தொலைபேசி இலக்கமும் ஆங்கிலத்தில், நாட்டின் குறியீட்டு இலக்கத்தோடு, வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றும் இருக்கட்டும். வெளியே இருப்பது பிய்ந்துபோகலாம். உள்ளே வைக்கும் தாளில் கப்பலின் பெயர், அறை இலக்கம், எந்தத் திகதியில் எந்தத் துறைமுகம் என்ற பட்டியல், பயணம் முடிந்தபின் தங்கும் முகவரி ஆகியவற்றையும் எழுதுங்கள். கப்பல் கம்பனி தரும் அறை இலக்கச் சீட்டைக் கட்டுநாயக்கவிலேயே கட்டவேண்டாம். வழியில் பிய்ந்துவிடும். கப்பலேறும் ஊரில் கட்டலாம். மூடும் முன் பெட்டிக்குள் இருப்பவற்றையும், மூடியபின் வெளித் தோற்றத்தையும் படம் பிடியுங்கள்.

கருமபீடத்தில் பெட்டிக்குக் கட்டும் நீளச் சீட்டில் மூன்று ஆங்கில எழுத்துகள் பெரிதாக இருக்கும். அது பெட்டி போய்ச் சேரும் விமான நிலையத்தின் குறியீடு. பார்சிலோனா என்றால் பீ, சீ, என். கொழும்பு என்றால் சீ, எம், பீ. ரிக்கெற்றில் உள்ள கடைசி ஊரின் எழுத்துகள்தான் சீட்டிலும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே நகருங்கள். கூச்சப்படாமல், "இதைக் கடைசி ஊரில்தானே எடுப்பது?" என்று கேளுங்கள். அவர்கள் தரும் சின்ன ஒட்டுச் சீட்டில் பத்து இலக்க எண் இருக்கும். அதுதான் உங்கள் பெட்டியின் அடையாள அட்டை. எறியாதீர்கள், படமும் எடுங்கள்.

எங்கள் குடும்பங்களுக்கென்று ஒரு விடயம் உண்டு. தகப்பன் பெயர் முன்னால் வருவதால் ஒரே வீட்டில் மூவருக்கு மூன்று விதமான பெயர் கடவுச்சீட்டில் இருக்கும். குடும்பமாகப் போனால் எல்லாப் பெட்டிகளையும் ஒருவருடைய பெயரிலேயே போட்டுவிடுவார்கள். ஒவ்வொருவருடைய பெட்டியையும் அவரவர் பெயரில் போடும்படி கேளுங்கள். பின்னர் முறையிடும்போதும் இழப்பீடு கேட்கும்போதும் யாருடைய பெட்டி என்ற குழப்பம் குறையும்.

பெட்டி இருக்கும் இடத்தைத் தொலைபேசியில் காட்டும் எயார்டாக் போன்ற சின்னக் கருவிகளை இப்போது பலர் உள்ளே போடுகிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் பரிசுப் பொருள் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் 753ஆவது தீர்மானப்படி 2018 ஜூன் முதல், பொதியை வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, இடையில் மாற்றும்போது, பயணியிடம் திரும்பக் கொடுக்கும்போது என நான்கு இடங்களில் விமானக் கம்பனிகள் அதைப் பதியவேண்டும். ஆகவே "எங்கே கடைசியாகப் பதிவாகியிருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம்.

பொதி வராவிட்டால்

மண்டபத்தை விட்டு வெளியே போகாதீர்கள். வெளியே உறவினர் காத்திருப்பார்கள், பல வருடத்துக்குப் பிறகு முகம் பார்க்கும் அவசரம் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் பொதி வரவில்லை என்ற முறைப்பாட்டை உள்ளேயே, பொதிகளுக்கான கருமபீடத்தில் கொடுக்கவேண்டும். வெளியே போனபின் திரும்பி உள்ளே வருவது கடினம்.

அங்கே ஒரு படிவம் நிரப்பி உங்களுக்குப் பத்து எழுத்து, இலக்கங்கள் கொண்ட ஒரு குறியீட்டைத் தருவார்கள். விமான நிலையத்தின் மூன்று எழுத்து, விமானக் கம்பனியின் இரண்டு எழுத்து, பிறகு ஐந்து இலக்கம். இந்தக் குறியீடு இல்லாமல் வெளியேறாதீர்கள். "வந்ததும் அழைப்போம்" என்ற வாய்ச்சொல் போதாது.

கப்பலில் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். கப்பலின் பெயர், துறைமுகங்களும் திகதிகளும் உள்ள பட்டியல், ஒவ்வொரு துறைமுகத்திலும் அந்தக் கப்பலுக்கு இருக்கும் முகவரின் தொடர்பு ஆகியவற்றைக் கொடுங்கள். முகவர் விபரம் கப்பல் கம்பனியிடம் கேட்டால் கிடைக்கும். வெளிக்கிடும் முன்பே கேட்டு எழுதி வைக்கலாம். நான் பட்டியலைக் கொடுத்தேன், முகவர் விபரம் என்னிடம் இருக்கவில்லை. அதனால் எங்கள் பெட்டி இரண்டாம் நாள் பார்சிலோனாவுக்கு வந்து, மூன்றாம் நாள் ஜெனோவாவுக்கு அனுப்பப்பட்டு, நாங்கள் போனபின் போய்ச் சேர்ந்தது. துறைமுகத்தில் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விமான நிலையத்திலேயே வைத்துவிட்டார்கள்.

கப்பலில் ஏறியதும் வரவேற்புக் கருமபீடத்துக்குப் போய் அதே குறியீட்டைக் கொடுங்கள். கப்பல்காரர் இதைப் பலமுறை பார்த்தவர்கள். சில கப்பல்களில் பல் துலக்கும் பொருட்கள், இரவு உடுப்பு என்று ஒரு சின்னப் பை தருவார்கள். பயணத்தில் பாதி நாள் போய்விட்டதென்றால் பெட்டியைத் துறைமுகம் துறைமுகமாகத் துரத்த விடாதீர்கள். பயணம் முடிந்து தங்கும் வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான்காம் நாள் நாங்கள் அதைத்தான் செய்தோம். அக்காவின் பாரிஸ் முகவரியைக் கொடுத்தோம்.

அவசியமான உடுப்பு, மருந்து வாங்கினால் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் சேர்த்து வையுங்கள். மொன்றியல் உடன்படிக்கை என்ற சர்வதேச விதிப்படி விமானக் கம்பனி இதற்குப் பொறுப்பு. இலங்கையும் அதில் இணைந்திருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணியின் பொதிக்கான உச்சத் தொகை 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமை. சர்வதேச நாணய நிதியம் பயன்படுத்தும் கணக்கு அலகு அது. ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். இது உச்ச எல்லைதான். எல்லோருக்கும் கிடைக்கும் தொகையல்ல. எவ்வளவு இழந்தீர்கள் என்பதை நீங்கள்தான் காட்டவேண்டும்.

நாள் கணக்கு முக்கியம். பொதி உடைந்து வந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். பிந்தி வந்தால், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் கழிந்தும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். வழக்குப் போடுவதென்றால் இரண்டு வருடத்துக்குள். விமான நிலையத்தில் நிரப்பிய படிவம் மட்டும் போதும் என்று இருந்துவிடாமல், கம்பனிக்குத் தனியாக எழுதிப் பிரதியை வைத்திருங்கள்.

கப்பலிலும் பொதி கைமாறும்

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கி, பரிசோதித்து, அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். அது மாலை அல்லது இரவாகலாம். ஆகவே கடவுச்சீட்டும் மருந்தும் இங்கேயும் உங்கள் கையில். மின்அழுத்தி, கேத்தல் போன்றவை பெரும்பாலான கப்பல்களில் தடை. அவை இருந்தால் பெட்டியை நிறுத்தி வைத்துக்கொள்வார்கள். தேநீருக்கென்று கேத்தல் கொண்டுபோகிறவர்கள் எங்களில் அதிகம்.

கடைசி இரவு பெட்டியை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் துறைமுக மண்டபத்தில்தான் அதைத் திரும்ப எடுக்கலாம். காலையில் போடும் உடுப்பையும் செருப்பையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு இரவு உடுப்போடு இறங்கியவர்களின் கதை ஒவ்வொரு கப்பலிலும் உண்டு.

அம்மாவின் பை

அன்று பார்சிலோனாவில் நாங்கள் வெளியே வந்தபோது அண்ணா வாசலில் நின்றார். தலை நரைத்திருந்தது. அம்மா அவரின் கையைப் பிடித்துச் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, அப்பாவின்ரை படம் அதுக்குள்ளை போட்டுது." அவ்வளவு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் கதை அதுவாகிவிட்டது. நான் பின்னால் வடைப் பேணியோடு நின்றேன்.

மருந்துக்கு ஒரு வழி கிடைத்தது. காப்புறுதிப் படிவத்துக்காக இரண்டு மாதத்துக்கு முன் கிளினிக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்திருந்தேன். மெட்போமின், லொசாட்டன், அற்றோவஸ்ரற்றின் என்று மருந்தின் பொதுப் பெயர்களில் எழுதியிருந்தபடியால் கப்பல் மருத்துவருக்கு உடனே விளங்கியது. ஏழு நாளுக்குக் குளிசை தந்தார். பார்த்த கட்டணத்தோடு சேர்த்து அறைக் கணக்கில் எழுதினார்கள். கடைகளில் விற்கும் வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே உங்கள் கொப்பியையும் இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள்.

கப்பலில் அம்மா அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டு சாப்பிட வந்தா. சிரித்தா, பேரப்பிள்ளைகளோடு படம் எடுத்தா. ஆனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் காலையில் எழும்பி ஒரே கேள்வியைத்தான் கேட்டா: "இண்டைக்கு வருமோ?"

பெட்டி ஒன்பதாம் நாள் பாரிஸில் அக்காவின் வீட்டு வாசலுக்கு வந்தது. ஒரு சக்கரம் உடைந்திருந்தது. அம்மா நிலத்தில் இருந்து பையைத் திறந்து, உறுதியையும் சான்றிதழ்களையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்துவிட்டு, கடைசியாகப் படத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தா. அண்ணா அன்று பின்னேரமே கடைக்குக் கொண்டுபோய் நான்கு பிரதி எடுத்துவந்தார். ஆளுக்கொன்று.

திரும்பி வரும்போது கருமபீடத்தில் மறுபடி கைப்பொதியை நிறுத்தார்கள். 8 கிலோ. நான் என் சப்பாத்தையும் அண்ணா தந்த சொக்லேற்றையும் எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன். அம்மாவின் பையைத் தொடவில்லை. அவ அதை மடியில் வைத்தபடி கட்டுநாயக்க வரை வந்தா.